என் அடுப்பில் எரிந்த சாலை

விறகு விஷயத்தில் சமையல்காரி என்னைக் குறை சொல்ல எவனுக்கும் அருகதை கிடையாது. இந்தப் பீடபூமியில் ஒரு மரமாவது நேராக வளர்கிறதா? எல்லாம் கோணல், வெட்டினால் பச்சையாகப் புகையும். இங்கே ஜூன்தான் குளிர்காலம், அந்தக் குளிரில் விடியற்காலையில் முப்பது பேருக்குக் காபி போட்டுப் பார்த்தால் தெரியும். பிரசிலியா என்று புதுத் தலைநகரம் கட்ட வந்தவர்களாம்! காபி இறங்காமல் ஒருத்தனுக்கும் கை அசையாது.

அதனால்தான் அந்த முளைக்குச்சிகளைப் பிடுங்கினேன். நல்ல காய்ந்த கட்டை, தலையில் சிவப்புச் சாயம், மொத்தம் இருபது. சாலை அளக்கிறவர்கள் நட்டது என்று தெரியும். ஆனால் வரிசை வளைந்து வளைந்து போயிற்று. வடக்கே எங்கள் ஊர்ப்பக்கம், பியாவியில், சாலை என்றால் கயிறு பிடித்தாற்போல் நேராக ஓடும். சரி, தப்பாக நட்டுவிட்டுக் கைவிட்டார்கள் போல என்று நினைத்தேன்.

நான்காம் நாள் காலையில் அளவைக்காரர் அல்தமீரோ மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"டோனா ஜொவெலினா! என் குச்சியெல்லாம் எங்க?"

"நாலு நாளா காபி குடிச்சீங்களே, அதுலதான்."

மனிதர் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். "பத்து மணிக்குப் புல்டோசர் வருது. கூடவே பெரிய எஞ்சினியர். இன்னிக்கு நம்ம ரெண்டு பேருக்கும் சீட்டு கிழிஞ்சுது."

"கோணலா நட்டிருந்தீங்களே ஐயா!"

"கோணல் இல்ல தாயே, வளைவு! ஊரே அப்படித்தான் வளையப் போகுது!"

பியாவியிலிருந்து லாரிப் பலகையில் ஒன்பது நாள் குலுங்கி வந்த வழியே திரும்பிப் போவதா? புதுக் குச்சி கிடங்கிலிருந்து வர மத்தியானம் ஆகும். கோணக் கணக்கெல்லாம் அவர் நோட்டில் பத்திரமாக இருந்தது, நடத்தான் ஒன்றுமில்லை.

"குச்சி இல்லாட்டி என்ன, ஆளுங்க இல்ல?" என்று எரிச்சலில் கத்தினேன்.

அவர் நிமிர்ந்து பார்த்தார். அப்புறம் அளவைக் கருவியை அதன் முக்காலியோடு தூக்கிக்கொண்டு ஓடினார்.

கருவிக்குள் கண்ணை வைத்தபடி அவர் கைகாட்டக் காட்ட, குச்சி இருந்த இடங்களில் வேலையாட்கள் ஒவ்வொருவனாகப் போய் நின்றான். கடைசி இடம் எனக்கு.

"ஐயா, டோனாவோட எந்தப் பக்கத்தை அளக்குறது? குச்சியை விட அகலமா இருக்காங்களே!" என்றான் பக்கத்தில் நின்ற ஜெனிவால்டோ.

"வாயை மூடுடா. மத்தியானச் சோறு என் கையிலதான் இருக்கு."

திட்டிவிட்டுத் திரும்பினேன். பத்தொன்பது ஆட்கள், செம்மண்ணில், நாணேற்றிய வில் போல வளைந்து வானம் வரை நின்றார்கள். ஒரு வீடு இல்லை, ஒரு சுவர் இல்லை. ஆனால் தெரு இருந்தது. அதன் இரண்டு பக்கமும் ஜன்னல்கள் வரப்போகிற இடம்கூட எனக்குத் தெரிந்தது. கடவுளே, இதையா அடுப்பில் வைத்தேன்!

ஜீப் வந்து நின்றது. "என்னய்யா இது, பள்ளிக்கூட அணிவகுப்பா?" என்றார் எஞ்சினியர்.

இடத்தை விட்டு அசையாமல் நான் கத்தினேன். "குச்சியை எரிச்சது நான்தான் ஐயா! அந்த மனுசன விட்டுடுங்க!"

எஞ்சினியர் ஜீப் மேல் ஏறி வரிசையைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். தொப்பியைக் கழற்றினார்.

"இந்த வளைவ மூணு மாசமா தாள்லயே பாத்துக்கிட்டிருந்தேன்," என்றார் மெதுவாக. "யாரும் அசையாதீங்க."

ஜீப்பே கிடங்குக்குப் பறந்தது. வந்தது பத்தொன்பது குச்சிதான், அங்கே அவ்வளவுதான் மிச்சமாம். ஒவ்வொருவன் காலடியிலும் ஒன்று இறங்கியது, எனக்குத்தான் இல்லை.

"அடுப்புல ஒண்ணு பாதி எரிஞ்சு கெடக்கு," என்றேன் தலைகுனிந்து.

ஜெனிவால்டோ ஓடிப்போய்ப் புகையப் புகைய எடுத்து வந்தான். எஞ்சினியரே குனிந்து, என் இரண்டு பாதங்களுக்கு நடுவே அதை அடித்து இறக்கினார்.

"நாளையிலிருந்து விறகு நான் அனுப்புறேன், காபி நீங்க போடுங்க. இப்ப நகரலாம், டோனா."

புல்டோசர் உறுமிக்கொண்டு நின்றது. நான் அந்த வளைவையே பார்த்துக்கொண்டு நின்றேன்.

"கொஞ்சம் இருங்க ஐயா," என்றேன். "இன்னும் பாத்து முடிக்கல."