குளத்துக்கு வந்த மாப்பிள்ளை

ஆறு கரை மீறிய வருடத்தில்தான் அந்த முதலை அவர்கள் குளத்துக்கு வந்து சேர்ந்தது. வெள்ளம் வடிந்து, சேறு காய்ந்து, வாத்துக் கொட்டகையைத் திரும்பக் கட்டி முடிக்கும்வரை அது அங்கே இருப்பது யாருக்கும் தெரியாது. எதிர்க்கரையில் ஒரு கட்டை ஒதுங்கிக் கிடக்கிறதே, விறகுக்கு ஆகும் என்று எடுக்கப் போனார் வாத்துக்காரர். பாதி வழியில் கட்டை கண்ணைத் திறந்தது. போன வேகத்தைவிட இரண்டு மடங்கு வேகத்தில் திரும்பி வந்தவர், மனைவியிடம் அதைச் சிரித்துக்கொண்டேதான் சொன்னார்.

“பொண்ணு இல்லாத வீட்டுக்கு மாப்பிள்ளை வந்திருக்கான் பாரு. வந்ததும் வராததுமா கால நீட்டிப் படுத்துட்டான்.”

அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. கையிலிருந்த தீவனக் கூடையை அப்படியே கீழே வைத்துவிட்டு, கொட்டகைக் கதவை இழுத்துச் சாத்தினாள்.

அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அந்த நிலம், நடுவில் குளம், குளம் நிறைய வாத்துகள், இவ்வளவுதான் குடும்பம். அவர் தம்பி பக்கத்து ஊரில் மோட்டார் பம்பு பழுது பார்க்கும் கடை வைத்திருந்தான். வாரத்தில் ஒரு நாளாவது அண்ணி கையால் டீ குடிக்காவிட்டால் அவனுக்குத் தூக்கம் வராது. முதலை விஷயம் தெரிந்த அன்றே வந்து நின்றான்.

“கரண்டு ஒயரைத் தண்ணியில விட்டா ஒரு நிமிஷ வேலை. நீங்க ‘ம்’னு சொல்லுங்க அண்ணி.”

“அது பாட்டுக்கு இருக்குது. நீ பாட்டுக்கு இரு” என்று அவர் தம்பியை அடக்கிவிட்டார்.

வனத்துறைக்குச் சொல்லிவிட்டார்கள். கூண்டு வந்தது. கூண்டுக்குள் இறைச்சி வைத்தார்கள். முதலை அந்தப் பக்கம் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. இறைச்சியைக் காக்கைகளும் எறும்பும் தின்றன. கூண்டு துருப்பிடித்ததுதான் மிச்சம். அதை ஏற்றிக்கொண்டு போக வந்தவர், “நீங்க அது பக்கம் போகாம இருந்தா அது ஒண்ணும் செய்யாதும்மா” என்று ஆறுதல் சொன்னார்.

“நாங்க எங்க சார் போனோம்? அதுதானே எங்க பக்கம் வந்திருக்கு” என்றாள் அவள்.

வேறு வழியில்லாமல் ஒரு மாதிரி வாழப் பழகிக்கொண்டார்கள். ஆழம் குறைந்த பக்கத்தில் கம்பி வலை அடித்து வாத்துகளுக்கு ஒதுக்கினார்கள். அப்படியும் எப்போதாவது ஒரு வாத்து குறையும். “மாப்பிள்ளைக்கு விருந்து” என்பார் அவர். மழைக்காலத்தில் முதலை சில நாட்கள் காணாமல் போய்விடும். ஆற்றுப் பக்கம் போயிருக்கும் என்று அவள் நினைப்பாள். போன சனியன் போனதாகவே இருக்கட்டும் என்று வேண்டிக்கொள்வாள். வெயில் திரும்பியதும் அதுவும் அதே இடத்தில் வந்து படுத்திருக்கும். அவர் முகத்தில் அன்றைக்கு ஒரு தெளிச்சி தெரியும். அதைப் பார்க்கும்போதுதான் அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

“வேலியில போற ஓணானை மடியில கட்டிக்கிட்ட கதையா இருக்கு. ஒரு நாள் இல்ல ஒரு நாள் உங்க காலைப் பிடிக்கும், பாருங்க.”

“என் கால்ல என்ன இருக்கு, எலும்புதானே. அதுக்கு வாத்தே பரவாயில்ல.”

வாக்குவாதம் அதற்கு மேல் போகாது. அவருக்குச் சண்டை போடத் தெரியாது. தெரிந்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும் என்று அவள் பின்னால் நினைத்துக்கொண்டாள்.

அந்தக் கோடையில் அவர் எதிர்க்கரையில் முள்ளை வெட்டிப் போட்டு ஒரு நீளத்துக்கு வேலி அடைத்தார். எதற்கு என்று கேட்டாள். கரை உள்வாங்குகிறது, கால் வைத்தால் புதைந்துவிடும், அந்தப் பக்கம் போகாதே என்றார். அவர் சொன்னால் சரிதான் என்று அவளும் விட்டுவிட்டாள். கல்யாணமான நாள் முதல் அவர் அவளிடம் எதையும் மறைத்ததில்லை. சந்தையில் தடுக்கி விழுந்ததைக்கூட வந்து நடித்துக் காட்டுகிற மனிதர்.

கோடை முடிவதற்குள்ளேயே மழை பிடித்துக்கொண்டது. விட்டு விட்டுப் பெய்தது, பிறகு விடாமல் பெய்தது. ஒரு நாள் விடிந்தபோது குளம் ததும்பிக்கொண்டிருந்தது. மதகு திறந்துதான் இருந்தது. ஆனாலும் தண்ணீர் வெளியே போகவில்லை. வாத்துகள் அடித்துக்கொண்டு போய்விடாமல் இருக்க மதகு வாயில் ஒரு கம்பித் தடுப்பு வைத்திருந்தார்கள். அதில் பாசியும் கொடியும் வந்து அடைத்திருக்க வேண்டும். அவர் கரையில் நின்று தண்ணீரையும் எதிர்க்கரையையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். அவள் கொட்டகையில் முட்டை பொறுக்கிக்கொண்டிருந்தாள்.

“நான் இறங்கி அடைப்பை எடுத்து விடறேன்.”

“தம்பி வரட்டும். தண்ணி எங்க போயிடப் போகுது?”

“அவன் வர்றதுக்குள்ள ஏறிடும்.”

“ஏறினா ஏறட்டும். கரை ஒண்ணும் உடையாது. இதைவிடப் பெரிய தண்ணியெல்லாம் தாங்கினதுதான்.”

அவர் சட்டையைக் கழற்றி மடித்து, செருப்பின் மேல் வைப்பதைக் கொட்டகைக்குள்ளிருந்து பார்த்தாள். எழுந்து போய்த் தடுத்திருக்கலாம். மடி நிறைய முட்டை இருந்தது.

கூடையை நிரப்பிக்கொண்டு அவள் வெளியே வந்தபோது சட்டையும் செருப்பும் இருந்தன. அவர் இல்லை. கூப்பிட்டுப் பார்த்தாள். மழைதான் தண்ணீரில் சடசடத்தது. எதிர்க்கரையில் முள்வேலி ஓரமாகக் கிடந்த முதலை தலையைத் தூக்கி அவளைப் பார்த்துவிட்டு, சத்தமில்லாமல் சரிந்து குளத்துக்குள் போனது.

அவள் போட்ட சத்தத்தில் பக்கத்து நிலங்களில் இருந்தவர்கள் ஓடி வந்தார்கள். மூங்கில் கழியும் கயிறும் கொண்டு வந்தார்கள். ஆனால் யாரும் தண்ணீரில் கால் வைக்கவில்லை. அவர்களைக் குறை சொல்ல முடியாது. கலங்கின தண்ணீர், உள்ளே முதலை. வனத்துறைக்குப் போன் போட்டார்கள். ரோடு அறுந்து கிடக்கிறது, சுற்றிக்கொண்டுதான் வர வேண்டும், நாங்கள் வரும்வரை அதைத் தொடாதீர்கள் என்று பதில் வந்தது.

கொழுந்தன் டிராக்டரில் பம்புகளை ஏற்றிக்கொண்டு வந்துவிட்டான். வந்தவன் அண்ணியின் முகத்தைப் பார்க்கவில்லை. சட்டையும் செருப்பும் கிடந்த இடத்தை ஒரு முறை பார்த்தான். பிறகு பேசாமல் குழாய்களை இழுத்து, இன்ஜின்களை ஒவ்வொன்றாகக் கிளப்பினான். மழையும் மெல்ல விட்டது. பகல் முழுவதும் இன்ஜின் புகையும் இரைச்சலுமாக இருந்தது. குளம் விரல் விரலாக இறங்கியது. யாரோ அவள் கையில் டீயைக் கொடுத்தார்கள். யாரோ அதை வாங்கிக் கீழே ஊற்றினார்கள். வாத்துகளைப் பட்டியில் அடைக்கக்கூட ஆளில்லை. அவை கரையில் கூட்டத்தின் காலுக்கிடையில் அலைந்தன.

சாயங்காலம் ஆகும்போது ஆழம் குறைந்த பக்கம் சேறாகிவிட்டது. மதகுப் பக்கத்தில் மட்டும் தண்ணீர் தேங்கி நின்றது. அப்போது முதலை வெளியே வந்தது. ஒளிய இடமில்லை. சேற்றில் வயிறு தேய எதிர்க்கரை நோக்கிப் போனது. ஆட்கள் முள்வேலியை மிதித்துத் தள்ளிவிட்டு அங்கே போய் நின்றுகொண்டார்கள். அது ஆற்றுப் பக்கம் திரும்பியிருக்கலாம். அந்தப் பக்கம் யாருமே இல்லை. ஆனாலும் கூட்டம் நின்ற கரையைப் பார்த்தே திரும்பத் திரும்ப ஏறி வந்தது. அதற்கு எவ்வளவு திமிர் என்று ஒருவர் சொன்னார். கயிற்றைச் சுருக்கிட்டு வீசி வாயைக் கட்டினார்கள்.

கொழுந்தன் கையில் கடப்பாரை இருந்தது. சேறு படிந்த முகத்தோடு அவளிடம் வந்தான்.

“ஆபீசருங்க தொடாதேன்னாங்க. நீங்க சொல்லுங்க அண்ணி. நீங்க என்ன சொல்றீங்களோ அது.”

எத்தனையோ முறை இதே கேள்வியை அவன் கேட்டிருக்கிறான். ஒவ்வொரு முறையும் பதில் சொல்ல அவர் இருந்தார்.

“முடிச்சிடு” என்றாள்.

முடிக்க நேரம் பிடித்தது. அவள் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை. பிறகு அவளே சொன்னாள், “வயித்தைத் திறங்க. அவரை நான் எடுத்துட்டுப் போகணும்.”

இறைச்சிக் கடைக்காரர் ஒருவர் கூட்டத்தில் இருந்தார். அவர்தான் கத்தியை வாங்கிக்கொண்டு உட்கார்ந்தார். உள்ளே கூழாங்கற்கள் இருந்தன. மீன் செதில், ஒரு கைப்பிடி நத்தை ஓடு, ஒரு வாத்தின் கால். கடைக்காரர் கையை விட்டுத் துழாவிப் பார்த்தார். இன்னொரு முறையும் துழாவினார். பிறகு கத்தியைச் சேற்றில் வைத்துவிட்டு நிமிர்ந்து பார்த்தார்.  நிறுத்த மறந்த இன்ஜின்கள் மட்டும் ஓடிக்கொண்டிருந்தன.

அந்த இன்ஜின்கள்தான் அவரைக் காட்டிக்கொடுத்தன. மதகுப் பக்கம் தண்ணீர் இன்னும் கொஞ்சம் இறங்கியதும் ஒரு முழங்கை தெரிந்தது. கொழுந்தன் ஓடினான். கம்பித் தடுப்புக்கும் சுவருக்கும் நடுவில் அவருடைய ஒரு கால் மாட்டியிருந்தது. கை நிறையப் பாசியைப் பிடித்திருந்தார். உடம்பில் ஒரு கீறல் இல்லை.

அவரைக் கொட்டகை வாசலில் தார்ப்பாய் விரித்துக் கிடத்தினார்கள். அவள் பக்கத்தில் உட்கார்ந்து, விரல்களைப் பிரித்துப் பாசியை எடுத்தாள். அழவில்லை. பெண்கள் அழச் சொன்னார்கள். வரவில்லை.

வனத்துறை வண்டி அதற்குப் பிறகுதான் வந்தது. இறங்கிய அதிகாரி நடுவயதுப் பெண். முதலில் தார்ப்பாய்க்கு வந்து கொஞ்ச நேரம் தலை குனிந்து நின்றாள். அப்புறம் முதலை கிடந்த இடத்துக்குப் போனாள். யார் செய்தது என்று கேட்டாள். கொழுந்தன் வாயைத் திறந்தான். அதற்குள் இவள், “நான் சொல்லித்தான்” என்றாள்.

அதிகாரி கோபப்படவில்லை. முதலையைப் புரட்டச் சொல்லிப் பார்த்தாள்.

“இது பொட்டைம்மா. கூடு எங்க இருக்கு?”

“கூடா?”

“இந்த மாசத்துல முட்டை இருக்கும். கரையில எங்கயாவது மண்ணைப் பறிச்சு வெச்சிருக்கும். அதை விட்டு நகராது. உங்க வீட்டுக்காரர் எதுவும் சொல்லலையா?”

அவள் எதிர்க்கரையைப் பார்த்தாள். முள்வேலி சேற்றில் அமுங்கிக் கிடந்தது. கரை உள்வாங்குகிறது, அந்தப் பக்கம் போகாதே என்று அவர் சொன்ன இடம். குளம் ஏறினால் முதலில் மூழ்கும் தாழ்ந்த இடம். காலையில் அவர் நின்று தண்ணீரையும் அந்தக் கரையையும் மாறி மாறிப் பார்த்தது எதற்கென்று அவளுக்கு அப்போது புரிந்தது. மதகு அடைப்பை எடுக்க அவ்வளவு அவசரப்பட்டது எதற்கென்றும் புரிந்தது. அதுவரை வராத அழுகை அப்போதுதான் வந்தது. தார்ப்பாயின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டு, மூச்சு முட்ட அழுதாள். புருஷனுக்காக அழுகிறாள் என்று பெண்கள் கொஞ்சம் நிம்மதியானார்கள்.

கூட்டம் மிதித்ததில் முட்டைகள் பாதிக்கு மேல் உடைந்திருந்தன. மிச்சத்தை அதிகாரி மண்டியிட்டு ஒவ்வொன்றாக எடுத்தாள். எது மேல்பக்கம் என்று பென்சிலால் குறி போட்டு, புரளாமல் மணல் நிரப்பிய வாளிகளில் வைத்தாள். பொரிக்குமா என்று யாரோ கேட்டதற்கு, சொல்ல முடியாது என்றாள்.

அடக்கம் முடிந்த பிறகு கொழுந்தன் அந்தப் பக்கம் வரவில்லை. பம்புகளை எடுத்துப் போகக்கூட வேறு ஆளைத்தான் அனுப்பினான். வனத்துறை விசாரணைக்குக் கூப்பிட்டபோது இருவரும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள். ஒரு வார்த்தை பேசிக்கொள்ளவில்லை. எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டு, எச்சரித்து அனுப்பிவிட்டார்கள். அவள் தண்டனையை எதிர்பார்த்துத் துணி எடுத்து வைத்துக்கொண்டு போயிருந்தாள். திரும்பி வரும்போது அந்தப் பை இன்னும் கனமாக இருந்தது.

பின்னால் வந்த மழையில் குளம் தானே நிரம்பிக்கொண்டது. பிறகு ஒரு மத்தியானம் கொழுந்தன் வந்தான். தாடி வளர்ந்திருந்தது. அடுப்படி வாசலில் உட்கார்ந்தான். அவள் டீ போட்டு முன்னால் வைத்தாள்.

“அண்ணி, நான் வந்ததும் மதகைப் பார்த்திருக்கணும். மெஷின் வேலை பார்க்கிறவன், தண்ணி ஏன் வெளிய போகலன்னு யோசிக்க வேண்டாமா? என் புத்தி முழுக்க அந்த முதலை மேலயே இருந்துச்சு.”

“நீ வரும்போது எல்லாம் முடிஞ்சு போச்சு தம்பி.”

“முடிஞ்சிருக்கும். ஆனா அதையாவது உயிரோட விட்டிருக்கலாம்ல.”

 கொஞ்சம் பொறுத்து அவனே கேட்டான்.

“முட்டை இருக்குன்னு ஏன் அண்ணி நம்மகிட்ட அண்ணன் சொல்லல? உங்ககிட்டயாவது சொல்லியிருக்கலாம்.”

“சொல்லியிருந்தா நான் விட்டிருப்பேனா? அன்னைக்கே உனக்கு ஆள் அனுப்பியிருப்பேன்.” அவள் புடவைத் தலைப்பால் முகத்தைத் துடைத்துக்கொண்டாள். “இத்தனை வருஷம் கூட இருந்தேன். பயந்துகிட்டு என்கிட்ட ஒண்ணை மறைக்கிற மாதிரி அவரை வெச்சிருந்திருக்கேன். அதுதான் தாங்கல.”

அவன் டம்ளரைப் பார்த்துக்கொண்டே இருந்தான். தோள் குலுங்கியது. அவள் எழுந்து போய், அவன் அண்ணனுடைய துண்டு ஒன்றைக் கொண்டுவந்து அவன் மடியில் போட்டாள்.

“கேட்டது நீ. சொன்னது நான். இதை ஒருத்தரே தூக்கிட்டுத் திரிய முடியாது. வாரத்துக்கு ஒரு தடவை வா. பேசக்கூட வேண்டாம். வந்து உட்காரு.”

“சரி அண்ணி” என்றான்.

டீ ஆறி ஏடு கட்டியிருந்தது. வேறு போட்டுத் தருகிறேன் என்று அவள் எழுந்தாள். வேண்டாம் என்று சொல்லிவிட்டு அவன் அதையே குடித்தான்.