பிறக்காத பெரியம்மாவுக்கு ஒரு துக்கம்

"அழு" என்றாள் மாமியார் எவுலாலியா, வாசலிலேயே மருமகளை மறித்துக்கொண்டு. "உன் பெரியம்மா செத்துட்டா."

நெரெய்தா தோள்பையைக்கூட இறக்கவில்லை. "எனக்கு ஏது அத்தே பெரியம்மா?"

"மெக்சிகோவுல, மோன்தெரேல இருந்தா. சீக்குல கிடந்தா. மூணு மாசம் நீதான் கூட இருந்து பார்த்துக்கிட்ட. தெருவே தினம் விசாரிக்குது, நான் எத்தன நாள்தான் அவள இழுத்துக்கிட்டே இருக்குறது? போன வாரம் அனுப்பி வச்சுட்டேன். உள்ள ஜெபமாலை நடக்குது. வாயத் திறந்தியோ, பிள்ளைய மறந்துடு."

அமெரிக்க எல்லையூரான லரேதோவின் அந்தத் தெருவில், மருமகள் மாத்திரைப் பழக்கத்தை விடச் சிகிச்சைக்குப் போனாள் என்று சொல்வதைவிட ஓர் ஆளைச் சாகடிப்பது கௌரவமான காரியம். அவள் புருஷன் எஃப்ராயின் குடித்துவிட்டு மிதித்ததில் விலா எலும்பு முறிந்தது. குளியலறையில் வழுக்கி விழுந்தாள் என்று அப்போதும் எவுலாலியாதான் தெருவுக்குச் சொன்னாள். டாக்டர் வலிக்கு மாத்திரை கொடுத்தார். எலும்பு கூடிவிட்டது. அவன் வண்டிச் சத்தம் கேட்டதும் வரும் நடுக்கம் மட்டும் போகவில்லை. அதை மாத்திரைதான் அடக்கியது.

உள்ளே கறுப்பு உடைப் பெண்கள் அவளைக் கட்டிக்கொண்டார்கள். கொல்லையில் ஆண்கள் பெரியம்மாவின் ஆத்ம சாந்திக்காக பீர் பாட்டில்களை உயர்த்திக்கொண்டிருந்தார்கள். எஃப்ராயின் குரல்தான் உரக்கக் கேட்டது: "எனக்கு அம்மா மாதிரிடா அவங்க!"

நெரெய்தாவுக்குச் சிரிப்பு பீறிட்டது. முகத்தைப் பொத்திக்கொண்டு குலுங்கினாள்.

"பாவம், எப்படி அழறா பாரு" என்றாள் ஒருத்தி.

மகள் இட்ஸெல் ஓடிவந்து காதோடு சொன்னாள்: "அம்மா, நானும் நல்லா அழுதேன். பாட்டி மிட்டாய் குடுத்தாங்க."

சிரிப்பு நின்றுவிட்டது.

"கடைசில என்னம்மா சீக்கு?" என்று கேட்டாள் பக்கத்து வீட்டு ஒஃபேலியா.

நெரெய்தா மகளை மடியில் தூக்கி வைத்துக்கொண்டாள். "அவங்க சாகலக்கா. பொறக்கவேயில்ல. நான் மாத்திரைப் பழக்கத்த விடப் போயிருந்தேன். என் விலாவ ஒடச்சது குளியலறை இல்ல. அதோ கொல்லையில 'அம்மா மாதிரி'ன்னு கத்திக்கிட்டிருக்காரே, அவருதான்."

ஜெபம் பாதியில் நின்றது.

"துக்கத்துல உளறுது" என்றாள் எவுலாலியா. பேத்தியை இழுக்க நீண்ட அவள் கை, அத்தனை கண்களையும் பார்த்துவிட்டு மடங்கியது.

நெரெய்தா மகளைத் தூக்கிக்கொண்டு சமையலறைக்குப் போனாள். அங்கே தமாலே என்ற சோளமாவுக் கொழுக்கட்டை வெந்துகொண்டிருந்தது. ஒஃபேலியா பின்னாலேயே வந்து கதவைச் சாத்திவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். கைப்பையிலிருந்து இருமல் மருந்துப் புட்டியை எடுத்தாள். அதில் அடித்தது இருமல் மருந்து வாசமில்லை, சாராய வாசம்.

"எம் மூத்த பிள்ள செத்துப்போனதுலேருந்து இதான் எனக்குத் துணை. அங்க இன்னும் எடம் இருக்குமாடி?"

"இருக்கும்க்கா."

"ஆனா எனக்கு மோன்தெரேல யாருமில்லியே" என்றாள் ஒஃபேலியா, நிஜமான கவலையோடு. "யாரச் சாகக் கிடக்க வச்சுட்டு வர்றது?"

"யாரும் வேணாம். ஒஃபேலியாதான் சாகக் கிடந்தா, இப்பப் பொழைக்கப் போறான்னு சொல்லிட்டு வாங்க."

"பீர் தீர்ந்துபோச்சு!" என்று கொல்லையிலிருந்து கத்தினான் எஃப்ராயின். ஒஃபேலியா எடுத்துக் கொடுக்கும் பழக்கத்தில் பாதி எழுந்தாள். பிறகு உட்கார்ந்துகொண்டாள்.