வெள்ளை விரித்த கதிரை

கதிர்காமநாதரின் பரம்பரையில் தாழ்வு மனப்பான்மை என்ற வருத்தம் ஒருவருக்கும் வந்ததில்லை. உருத்திரபுரம் பொதுநோக்கு மண்டபத்தில் அதைப் பற்றிக் கருத்தரங்கு வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டதும் மனைவி இராசேஸ்வரியிடம் அதைத்தான் சொன்னார்.

“பின்ன ஏன் விடியவே வேட்டியை மினுக்கித் தரச்சொல்லி நிக்கிறியள்?”

“சம்பந்தி வருவார்.”

அதற்குமேல் விளக்கம் தேவையில்லை. மகள் கௌசலாவைச் சின்னராசாவின் மகனுக்குக் கட்டிக்கொடுத்த நாளிலிருந்து அவருக்கு ஒரே கவலை. பெண்ணைக் கொடுத்த வீடு ஒரு படி கீழே என்று அங்கே நினைத்துவிடுவார்களோ? தகப்பனின் மதிப்புக் குறைந்தால் மகளின் சொல்லும் அந்த வீட்டில் எடுபடாது. ஆகவே கோயிலோ செத்தவீடோ, சின்னராசாவுக்குப் பின்னால் உட்காருவதில்லை என்று வைத்திருந்தார். ஒருமுறை அந்தியேட்டிக் கிரியைக்கு, வீட்டுக்காரர் எழும்புமுன்பே போய்ப் படலையில் நின்றிருக்கிறார்.

கருத்தரங்கை நடத்தும் மாதர் சங்கத்தின் செயலாளரான கௌசலா இரண்டு பக்கத்தையும் அறிந்தவள். முன்வரிசையின் நடுவில், வரவேண்டிய அதிகாரிக்காக ஒரு கதிரைக்கு வெள்ளை விரித்திருந்தாள். அதற்கு ஒரு பக்கம் தகப்பன், மறுபக்கம் மாமனார். இருவருக்கும் ஒரே நிறப் பிளாஸ்ரிக் கதிரை. குறை சொல்ல இடமே இல்லை. அதுதான் இருவருக்கும் குறை.

அதிகாரி வரவில்லை. வெள்ளைக் கதிரை வெறுமையாகக் கிடந்தது. உளவளத்துணையாளர் சிவதர்சினி பேசிய எதுவும் கதிர்காமநாதரின் காதில் ஏறவில்லை.

“எல்லாரும் எழும்பிக் கண்ணை மூடுங்கோ,” என்றாள் அவள். “உங்களை வருத்திற பயத்தை மனசுக்குள்ள பாருங்கோ. பிறகு மெல்லக் கதிரையில இருங்கோ. நான் சொல்லுமட்டும் கண்ணைத் திறக்கப்படாது.”

கதிர்காமநாதர் கண்ணை மூடினார். இடையில் திறந்து பார்ப்பது அவருடைய குடும்பத்துக்கு அழகல்ல. ஆனால் ஒரு எட்டு பக்கவாட்டில் வைக்கக்கூடாது என்று யாரும் சொல்லவில்லையே! வைத்தார். சால்வையைச் சரிசெய்துகொண்டு கம்பீரமாக உட்கார்ந்தார்.

கதிரை சூடாக இருந்தது. எலும்பும் இருந்தது.

“ஐயோ, என்ர முழங்கால்!”

மண்டபம் முழுவதும் கண்ணைத் திறந்தது. வெள்ளைக் கதிரையில் சின்னராசா. சின்னராசாவின் மடியில் கதிர்காமநாதர்.

“ரெண்டு பேருக்கும் ஒரு நீட்டு வாங்கு கொண்டு வாங்கோடாப்பா!” என்று பின்னாலிருந்து ஒரு குரல். ஒரே சிரிப்பு.

கதிர்காமநாதர் துள்ளி எழும்பினார். “நீங்கள் என்ன உதில செய்யிறியள்?”

“வேற என்ன செய்ய, சம்பந்தி? உங்கட மகள் வந்த நாள் தொட்டு எங்கட வீட்டில ‘அப்பா இப்பிடித்தான் செய்வார், அப்பாவைக் கேப்பம்’ எண்டுதான் கதை. வயலுக்கு உரம் எறியிறதுக்கும் என்ர மகன் உங்களைத்தானே கேக்கிறான்? என்ர வீட்டிலயே நான் ரெண்டாம் ஆள். இஞ்சயாவது ஒருக்கா நடுவில இருப்பம் எண்டு பாத்தன்.”

கதிர்காமநாதருக்கு நெஞ்சுக்குள் கிடந்த பெரிய கல்லொன்று கழன்று விழுந்தது. மகளைத் தேடினார். தேநீர்த் தட்டத்தால் முகத்தை மறைத்துக்கொண்டு நின்றாள் அவள்.

“இருங்கோ சம்பந்தி,” என்றார் பெருந்தன்மையோடு. “நீங்களே இருங்கோ.”

“சீச்சீ, நீங்கள் இருங்கோ.”

“நான் சொல்லுறன், இருங்கோ!”

“உங்களை விட்டிட்டு நான் இருக்கிறதோ?”

இருவரும் மாறிமாறிக் கையைக் காட்டிக்கொண்டு நின்றபோது அதிகாரி வந்தார். தலைக்கவசத்தைக் கழற்றினார். நன்றி சொல்லிவிட்டு வெள்ளைக் கதிரையில் உட்கார்ந்தார்.

வீட்டில் இராசேஸ்வரி கேட்டாள்: “என்னவாம் சொல்லித் தந்தவை?”

“நல்ல விசயங்கள்தான். எங்களுக்குத் தேவையில்லை. பாவம், சம்பந்திக்குத்தான் உந்த வருத்தம். முத்திப்போச்சுது.” சால்வையை மடித்துக் கொடியில் போட்டார். “அடுத்த கிழமையும் இருக்காம். அந்த மனுசனைத் தனிய விடேலாது. வேட்டியை முதல்நாளே மினுக்கி வையப்பா.”