மத்தியானத்தில் விழும் கார்டு

…ஆர்ஈ-ஒன் என்றுதானே அடிக்க நினைத்தான், விரல் எப்படி ஜீரோவுக்குப் போயிற்று, சரி, போனது போகட்டும், கார்டை அணைக்கிற ‘டவுன்’ என்று அடித்த அதே வரியிலேயே எழுப்புகிற ‘அப்’ என்பதையும் சேர்த்து அடித்திருந்தால் கார்டு ஒரு நொடி கண்ணை மூடித் திறந்திருக்கும், தூரத்தில் உட்கார்ந்துகொண்டு ஒரு மெஷினைத் தொடுகிறவன் படிக்கிற முதல் பாடமே அதுதான், ஆபீசில் புதிதாகச் சேருகிற பிள்ளைகளுக்குக் கிறிஸ்டோவே வாய் ஓயாமல் சொல்லுவான், எந்தக் கார்டு வழியாக உள்ளே போயிருக்கிறாயோ அந்தக் கார்டை அணைக்காதே, அணைத்தால் உன்னையே வெளியே தள்ளிக் கதவைச் சாத்திக்கொண்ட மாதிரி… இப்போது அவனே தள்ளிக்கொண்டு நிற்கிறான். கர்சர் அப்படியே நின்றுவிட்டது. என்டர், மறுபடி என்டர், ஒன்றும் இல்லை. செம்பூர் ஆபீசின் ஏ.சி. குளிரில் முதுகு வியர்த்தது. நெருளில், அவன் வீட்டு ஹாலில், டிவி ஸ்டாண்டுக்குள் அந்த மெஷின் ஓடிக்கொண்டுதான் இருக்கும், ஆபீசில் கழித்துவிட்ட பழைய பெட்டி, யூனிக்ஸ் வகையறா ஒன்றை ஏற்றி வைத்திருக்கிறான், இரண்டு நெட்வொர்க் கார்டு, ஆர்ஈ-ஜீரோ வெளி உலகத்துக்கு, ஆர்ஈ-ஒன் வீட்டுக்குள் இருக்கும் கேமராவுக்கு, அந்த ஒன் தினமும் மத்தியானம் விழுந்து விழுந்து எழுந்திருக்கிறதே, இன்றைக்குக் கையும் களவுமாகப் பிடித்துவிடலாம் என்று சாப்பாட்டைக்கூட ஒதுக்கிவிட்டுக் காத்திருந்தான், விழுந்தது, பதறினான், பதற்றத்தில் ஒன்றுக்குப் பதில் ஜீரோ. பக்கத்து ஜன்னலில் கேமராவின் கடைசிப் படம் உறைந்து கிடக்கிறது. அவன் மனைவி ஜெனி டிவி ஸ்டாண்டின் பக்கமாகக் குனிந்திருக்கிறாள், ஒரு கை சுவரில், முகம் தெரியவில்லை. குனிகிறாளா, விழுகிறாளா?

அவளைப் போனில் கூப்பிட்டான், மணி அடித்துக்கொண்டே இருந்தது, அவள் எடுக்கவில்லை, சில நாள் எடுப்பாள், சில நாள் எடுக்கமாட்டாள், எடுக்காத நாளில்தான் கேமரா இருக்கிறதே, திறந்து பார்த்து, சோபாவில் உட்கார்ந்திருக்கிறாள், சரி, என்று மூடிவிட்டு வேலையைப் பார்ப்பான். எதிர்வீட்டு சஃபீனா அக்காவாவது இருந்தால் பெல் அடித்துப் பார்க்கச் சொல்லலாம், அவள் ஊருக்குப் போய்ப் பத்து நாளாகிறது. மறுபடி அடித்தான். மறுபடி. பக்கத்து நாற்காலியிலிருந்து சைஃப், என்ன ஆயிற்று என்று திரும்பி, “க்யா ஹுவா கிறிஸ்டோ பாய், கர்னல் பேனிக்கா?” என்று சிரித்தான், கர்னல் என்கிற மெஷினின் அடிமூளை நொறுங்கி எல்லாம் நின்றுபோவதற்கு அவர்கள் தொழிலில் அதுதான் பெயர், ஆபீசில் அதைச் சொல்லிச் சிரிப்பது வழக்கம், இவனும் சிரிக்கிறவன்தான். “கர் ஜானா ஹை”, வீட்டுக்குப் போகணும், என்று மட்டும் சொல்லிவிட்டுப் பையை எடுத்தான். லிஃப்ட் வரவில்லை, படியில் இறங்கினான். ஆட்டோக்காரன் ஸ்டேஷன் என்றதும் கிட்டத்தில் என்று மூஞ்சியைத் திருப்பிக்கொண்டான், கிறிஸ்டோ ஓடினான், ஓடும்போதும் மூளையில் ஒரு மூலை வெட்கமில்லாமல் கணக்குப் போட்டுக்கொண்டிருந்தது, ஜீரோ கார்டை எழுப்ப ஒரு வழி இருக்குமா, பெட்டியை யாராவது அணைத்துப் போட்டால் தானே எழுந்துவிடும், யாராவது என்றால் ஜெனிதான், ஜெனிதான் எடுக்கமாட்டேன் என்கிறாளே…

பன்வெல் வண்டி. மத்தியானக் கூட்டம் அவ்வளவு இல்லை, உட்கார இடம் இருந்தும் கதவோரம் நின்றான். கோவண்டி ஸ்டேஷன் போயிற்று. இந்த மூன்று மாதமாக அந்த ஆர்ஈ-ஒன்னோடு அவன் மல்லுக்கட்டியது கொஞ்சமா நஞ்சமா. மத்தியானச் சாப்பாட்டு நேரம் தாண்டினால் கர்னல் ஒரு வரி எழுதும், இணைப்பு போயிற்று என்று, பிறகு சாயங்காலத்துக்கு முன்னால் இன்னொரு வரி, இணைப்பு வந்துவிட்டது என்று. காலையில் இல்லை, ராத்திரி இல்லை, ஞாயிற்றுக்கிழமை அவன் வீட்டில் இருக்கிற நாளில் கார்டு தங்கமாக நடந்துகொள்ளும். சூடு என்று நினைத்தான், டிவி ஸ்டாண்டுக்குப் பின்பக்கம் ஓட்டை போட்டு ஒரு குட்டி ஃபேன் வைத்தான். கார்டு என்று நினைத்தான், கம்ப்யூட்டர் சாமான் விற்கிற லாமிங்டன் ரோடு போய் வேறு கார்டு வாங்கி மாட்டினான். அப்புறம் டிரைவர்தான் என்று முடிவு கட்டினான், கார்டோடு பேசுகிற அந்தத் துண்டு நிரல், எவனோ எந்த நாட்டிலோ எழுதியது, அதைப் பிரித்துப் போட்டு, கார்டு கூப்பிடும்போது கர்னல் திரும்பிப் பார்க்கிறதா என்று ஒவ்வொரு இடத்திலும் ஒரு வரி அச்சிட வைத்து, கர்னலைத் திரும்பக் கட்டி, மின்சாரம் மிச்சம் பிடிக்கிற வசதியை அணைத்து… ராத்திரியெல்லாம் அதிலேயே கிடந்தான், ஜெனி உள்ளே படுத்திருப்பாள், தூங்கினாளா என்று பார்த்ததில்லை, ஜெனிக்காகத்தானே இதெல்லாம் என்று ஒரு நிம்மதி வேறு. மான்கூர்த். கடைசியில் அந்த டிரைவரைப் பராமரிக்கிற ஆளுக்கே எழுதினான், பதில் இரண்டே வரி வந்தது, கார்டு கேட்டபோதெல்லாம் கர்னல் பதில் சொல்லியிருக்கிறது, டிரைவரில் ஒன்றுமில்லை, வயர் நிஜமாகவே கழல்கிறது, வீட்டில் யாராவது பிடுங்குகிறார்களா பார். என்ன திமிர். பதினைந்து வருஷமாக இதே வேலை பார்க்கிறவனிடம் வயரைப் பார் என்கிறான். என் வீட்டில் அந்த மெஷினை யாரும் தொடுவதில்லை என்று சூடாக எழுதி அனுப்பினான். யாரும் என்றால்? வீட்டில் இருப்பது ஒரே ஒருத்தி.

வண்டி கழிமுகப் பாலத்தில் ஏறியது, சேற்று வாடை, வெயிலில் தண்ணீர் கண்ணைக் குத்தியது. இருக்காது. அவள் எதற்குப் பிடுங்கப் போகிறாள். கேமரா மாட்டின அன்றைக்குக்கூட ஒரு வார்த்தை மறுத்துச் சொல்லவில்லையே, ஸ்டூலைப் பிடித்துக்கொண்டு நின்றாள், “நேரா இருக்குதாங்க?” என்று கேட்டதற்கு அவன், “ஹால் முழுசும் தெரியுது” என்றான். ஆறாம் மாதத்தில் பிள்ளை போன பிறகு அவள் பேச்சே குறைந்துபோயிற்று, தாராவியிலிருந்து அவள் அம்மா வந்து எண்ணெய் தடவி ஜெபம் பண்ணிவிட்டுப் போனாள், பாஸ்டர் வந்தார், ஞாயிறு ஆராதனைக்கு வந்த பெண்கள் எல்லோரும் அடுத்தது நிற்கும் பாருங்கள் என்றார்கள், ஜெனி எல்லோருக்கும் தலையாட்டினாள். அதற்கப்புறம் ஜூலையில் அந்த மழை நாள். ஒரு பெண் போலீஸ் அவளைக் கையைப் பிடித்து வீட்டுக்குக் கூட்டிவந்தாள், நெருள் ஸ்டேஷனில் பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தாளாம், வண்டி வண்டியாகப் போகிறது, ஏறவில்லையாம், ஒவ்வொரு வண்டி வரும்போதும் எழுந்து நின்று, அப்புறம் உட்கார்ந்துகொள்வாளாம். “த்யான் ரகோ”, கவனமாகப் பார்த்துக்கொள், என்று சொல்லிவிட்டுப் போனாள் அந்த போலீஸ்காரி. ஜெனி புடவையெல்லாம் நனைந்து நின்றாள். கிறிஸ்டோ துண்டு கொண்டுவந்து கொடுத்தான். எதற்குப் போனாய் என்று கேட்கவில்லை. அன்றைக்கும் கேட்கவில்லை, மறுநாளும் கேட்கவில்லை, கேட்டால் அவள் சொல்லிவிடுவாளே என்று பயம், சொல்லிவிட்டால் அப்புறம் அது வீட்டுக்குள் வந்து உட்கார்ந்துகொள்ளுமே. டாக்டர், தனியாக விடாதீர்கள் என்றார். தனியாக விடாதே என்றால் என்ன அர்த்தம்? அவன் கேமரா வாங்கினான்.

வாஷி, சான்பாடா, ஜூயிநகர். ஒவ்வொரு ஸ்டேஷனிலும் கதவோரம் நின்று பிளாட்பாரத்தின் கடைசி பெஞ்சைப் பார்த்தான், இங்கே எதற்கு இருக்கப் போகிறாள், இருந்தாலும் பார்த்தான். மொபைலில் அந்தக் கடைசிப் படத்தை எடுத்து வைத்திருந்தான், விரித்து விரித்துப் பார்க்கப் பார்க்க அது கட்டம் கட்டமாக உடைந்ததே தவிர முகம் கிடைக்கவில்லை. கர்த்தரே, அவள் வயரைப் பிடுங்கினவளாகவே இருக்கட்டும். இத்தனை நாள், வயரைப் பார் என்று எழுதின அந்த ஆள் சொன்னது பொய்யாக இருக்கவேண்டும் என்று ராத்திரி ராத்திரியாக உழைத்தவன், இப்போது அது மெய்யாக இருக்கவேண்டும் என்று வண்டிக் கதவைப் பிடித்துக்கொண்டு மன்றாடினான். நெருள். இறங்கினதும் கால் தானாகக் கடைசி பெஞ்சுக்குத்தான் போயிற்று, ஒரு கீரைக்காரி மூட்டையைப் பக்கத்தில் போட்டு உட்கார்ந்திருந்தாள், அவ்வளவுதான். போன் அடித்தான், எடுக்கவில்லை.

சாவியைத் தலைகீழாகச் சொருகி, திருப்பிச் சொருகினான். கதவைத் திறந்தால் ஹாலில் தரையில் ஜெனி கிடக்கிறாள். கிடக்கிறாள் என்றுதான் அவனுக்குப் பட்டது, தலைமுடி விரிந்து, ஒரு கை தள்ளி, காலில் செருப்பில்லாமல்… கால் வெறும் காலாகத்தான் இருக்கும், வீட்டில் யார் செருப்புப் போடுவார்கள், எதையெல்லாம் நினைக்கிறான், பக்கத்தில் மண்டியிட்டான், கையை அவள் மூக்கருகே கொண்டுபோனான். சூடு. மூச்சு வந்தது, போயிற்று, நிதானமாக, ஆழமாக, லேசாகக் குறட்டைகூட. தூங்குகிறாள். வாய் கொஞ்சம் திறந்திருந்தது, கன்னத்தில் பாயின் கோடு, நெற்றியில் ஃபேன் காற்றில் நாலு மயிர் ஆடியது, நைட்டி முழங்காலுக்கு ஏறியிருந்தது. இப்படி அவள் தூங்கிப் பார்த்து எத்தனை நாளாயிற்று, ராத்திரி திரும்பிப் படுத்திருப்பாளே, அது தூக்கம் இல்லையா, அப்படியானால் இது மட்டும்தானா? போன் சமையலறையில் கிடந்தது. டிவி ஸ்டாண்டின் கதவு திறந்திருந்தது. ஒன் கார்டில் விளக்கு இல்லை. பிடுங்கின கேபிள் மேலே, வேதப்புத்தகத்துக்குப் பக்கத்தில், முனையில் ஒரு கைக்குட்டை சுற்றி வைக்கப்பட்டிருந்தது, தூசி உள்ளே போனால் அந்த முனை கெட்டுப்போகும் ஜெனி, தொடாதே என்று எப்போதோ ஒருநாள் அவன் சொன்னான், தொட்டிருக்கிறாள், ஆனால் தூசி போகாமல் பார்த்திருக்கிறாள். அழுகை வந்தது, அழுகை என்று சொல்லிக்கொள்ளவும் அவனுக்கு வெட்கமாக இருந்தது.

எவ்வளவு நேரம் அப்படியே உட்கார்ந்திருந்தானோ, அவளே கண் விழித்தாள். விழித்ததும் அவள் பார்த்தது அவனை இல்லை, மேலே கேமராவை, அடுத்து அந்தக் கேபிளை, அதற்கப்புறம்தான் அவனை. சட்டென்று எழுந்து உட்கார்ந்து நைட்டியை இழுத்துவிட்டுக்கொண்டாள். “என்னங்க, சீக்கிரமே வந்துட்டிய?” என்றாள். அவன் பதில் சொல்வதற்குள், “நெட்டு கட்டாயிட்டோ?” என்றாள். கேட்கலாம், இப்போதாவது, அன்றைக்கு எதற்கு ஸ்டேஷனுக்குப் போனாய் ஜெனி, ஒவ்வொரு வண்டிக்கும் எழுந்து நின்றாயே, எந்த வண்டிக்கு, அப்புறம் ஏன் உட்கார்ந்தாய்… வாயைத் திறந்தான். “டிரைவர் பிரச்சினை” என்று வந்தது. “ஓஹோ” என்றாள் அவள். கொஞ்ச நேரம் அவன் முகத்தையே பார்த்தாள், அதில் நன்றியா, ஏமாற்றமா, அவனால் படிக்க முடியவில்லை, டிரைவராக இருந்தால் வரிக்கு வரி படித்துவிடுவான். பிறகு அவள் எழுந்து, பழகின கையாக, கைக்குட்டையைப் பிரித்து மடித்து வைத்துவிட்டு, கேபிளை எடுத்து ஒன் கார்டில் சொருகினாள். டக்கென்று ஒரு சத்தம். பச்சை எரிந்தது. அந்தப் பச்சையைப் பார்த்ததும் கிறிஸ்டோவின் நெஞ்சு தானாக இளகியது, செம்பூரிலிருந்து பிடித்து வைத்திருந்த மூச்சு இப்போதுதான் வெளியே வந்தது, அவள் மூச்சு விடுகிறாள் என்று கையில் சூடு பட்டுத் தெரிந்தபோதுகூட வராத மூச்சு. அப்போதுதான் நினைவு வந்தது, ஜீரோ இன்னும் டவுனில்தான் கிடக்கிறது, இவன் போய் அடித்தால்தான் எழும், அதுவரை கேமரா பார்ப்பதைப் பார்க்க உலகத்தில் ஒருத்தரும் இல்லை, அந்தப் பச்சை சும்மா எரிகிறது. சும்மா எரிவதைப் பார்த்துத்தான் நிம்மதி வந்திருக்கிறது. அப்படியானால் இத்தனை நாளும்… ஜெனி விரிந்த தலைமுடியை அள்ளி முடிந்துகொண்டாள், முதுகு நிமிர்ந்தது, முகத்தில் இருந்த தூக்கம் போய் ஒன்றுமில்லாத ஒரு முகம் வந்தது, மூன்று மாதமாக அவன் செம்பூரிலிருந்து பார்த்துப் பார்த்து, நன்றாகத்தான் இருக்கிறாள் என்று மூடி வைத்த அதே முகம். “டீ போடட்டுமாங்க?” என்று கேட்டுவிட்டு, கேமராவுக்கு முதுகு காட்டாமல், சுவரோரமாக நடந்து சமையலறைக்குப் போனாள்.