நனையாத செருப்பு

எந்த ஊர் லாட்ஜுக்குப் போனாலும் மெக்கானிக்கம்மாவுக்கு ஒரே சடங்குதான். முதலில் தாழ்ப்பாளை ஆட்டிப் பார்ப்பாள். ஜன்னல் கொக்கி, குளியலறைக் கதவு என்று ஒன்று விடாமல் சோதிப்பாள், அப்படி ஒரு சந்தேகப் பிராணி. கடைசியாகப் பையிலிருந்து ஒரு ஜோடி ஆண் செருப்பை எடுத்துக் கதவுக்கு வெளியே, தன் செருப்புக்குப் பக்கத்தில் வைப்பாள். உள்ளே ஓர் ஆம்பளை இருக்கிறான் என்று பார்க்கிறவன் நினைத்துக்கொள்ளட்டும்.

பல் டாக்டர்களின் நாற்காலியைப் பழுதுபார்ப்பது அவள் வேலை. ஊர் வாயையெல்லாம் திறக்கச் சொல்லி அதட்டுகிற டாக்டர்கள், நாற்காலி பாதியில் நின்றுவிட்டால் கையைப் பிசைந்துகொண்டு அவளுக்குத்தான் போன் போடுவார்கள். தனியாகப் போவாள், தனியாக வருவாள். அதில் அவளுக்குக் கொஞ்சம் மிதப்பும் உண்டு.

செருப்பு யோசனை அவள் புருஷனுடையது. சைக்கிள் கடையை விட்டு நகர முடியாத மனுஷன். "நான்தான் வர முடியல, என் செருப்பாவது கூட வரட்டும். எவனாவது வந்தா சைஸைப் பார்த்தே ஓடிடுவான்" என்று தன் பழைய தோல் செருப்பைப் பையில் திணித்தான். அவள் விழுந்து விழுந்து சிரித்தாள்.

போன வருஷம் அவள் வெளியூரில் இருந்தபோது, அவன் கடை வாசலிலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு விழுந்தான். அவள் திரும்புவதற்குள் எல்லாம் முடிந்துவிட்டது. அன்றைக்கும் அவள் கதவுக்கு வெளியே அவன் செருப்பு காவலுக்கு நின்றது. அவன் பக்கத்தில்தான் யாரும் இல்லை. அந்த நினைப்பு அவளை இன்னும் விட்டபாடில்லை.

அவன் சட்டைகளை மாமியார் யார் யாருக்கோ கொடுத்துவிட்டாள். மிஞ்சியது செருப்புதான். அதன் உள்தோலில் ஐந்து விரலும் குதிகாலும் கறுப்பாகப் பதிந்திருந்தன. பெருவிரல் பள்ளம் மட்டும் சற்று ஆழம். வெளியே வைப்பதற்கு முன் அந்தப் பள்ளத்தில் தன் கட்டைவிரலை வைத்து அழுத்துவாள். புருஷனோடு அவள் இப்போது பேசுவது அவ்வளவுதான்.

இந்த ஊருக்கு வந்ததிலிருந்து விடாத மழை. சாயங்காலம் வேலை முடிந்து திரும்பியபோது, அறை துடைக்கிற அக்கா மாடிப்படியில் காத்திருந்தாள்.

"உள்ள உங்க வீட்டுக்காரர் இல்லதானேம்மா?" என்றாள், குரலைத் தாழ்த்தி.

மெக்கானிக்கம்மாவுக்குத் தூக்கிவாரிப் போட்டது.

"பயப்படாதீங்க. ரூம் பெருக்குறவளுக்குத் தெரியாதா? எதிர் ரூம்காரன் காலையில கேக்குறான், இவ்வளவு மழையில அந்தச் செருப்பு மட்டும் காஞ்சே கெடக்குதே, ஆளு வெளியவே போறதில்லையான்னு. அவன் பார்வையே சரியில்ல. அதான் ஒரு வேல பண்ணினேன்."

"என்ன பண்ணினீங்க?"

"நானே அதைக் கால்ல மாட்டிக்கிட்டு, தெருச் சேத்துல நல்லா ஒரு சுத்து சுத்திட்டு வந்து வெச்சுட்டேன். 'சார் தொப்பலா நனைஞ்சு வந்திருக்காரு'ன்னு அவன் காதுல விழற மாதிரி சொல்லியும் வெச்சேன். கப்சிப்னு ஆயிட்டான்."

அக்காவின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷம். முன்பின் தெரியாத ஒருத்திக்காக இவ்வளவு மெனக்கெட்டவளை எந்த வாயால் திட்டுவது?

மெக்கானிக்கம்மா கதவருகே குனிந்து செருப்பை எடுத்தாள். தோல் ஊறி உப்பியிருந்தது. அவன் விரல்கள் இருந்த இடமே தெரியவில்லை. அங்கே சேற்றில் சின்னதாக, புதிதாக வேறொரு கால் பதிந்திருந்தது.

"ரொம்ப நனைஞ்சுடுச்சோ? காய வெச்சா சரியாயிடும்மா."

"ஆயிடும்க்கா" என்றாள். "நீங்க இவ்வளவு பார்த்துக்கிட்டதே பெருசு."

உள்ளே போய்த் தாழ்ப்பாள் போட்டு, செருப்பை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்து அழுதாள். அவன் செத்தபோதுகூட இப்படி அழவில்லை. அப்போது அந்தக் கால்தடமாவது இருந்தது.

வெளியே எதிர் அறைக் கதவு திறந்தது. காலடிச் சத்தம் அவள் கதவுக்கு நேரே வந்து நின்றது. வெளியே அவள் செருப்பு மட்டும்தான் கிடந்தது.

"யாருய்யா அங்க? என்ன வேணும்?" என்று அதட்டினாள். குரல் கொஞ்சமும் நடுங்கவில்லை. வந்தவன் ஏதோ முணுமுணுத்துவிட்டு விடுவிடுவென்று படி இறங்கிப் போனான்.

இத்தனை நாளும் இந்தச் செருப்பை அவள் காவலுக்காகச் சுமக்கவில்லை. அது இப்போதுதான் அவளுக்குத் தெரிந்தது. ஈரத் தோலில் அவள் கட்டைவிரல் அந்தப் பள்ளத்தைத் தேடிக்கொண்டே இருந்தது.