உள்ளே நனைந்த கோட்டு

"ஒரு சொட்டு உள்ள இறங்காது. பாத்தியா?"

"தண்ணி இறங்காது, சரி. போட்டா கையைத் தூக்க முடியுமா?"

"நீ என்ன தேயிலைக் கொழுந்தா எடுக்கப் போற? பனியில சறுக்கத்தான போற. சறுக்குறதுக்குக் கை எதுக்கு?"

"ரெண்டு கையிலயும் குச்சி பிடிக்கணும். இல்லேன்னா கவுந்துருவேன்."

"குச்சியில்லாமலே நீ அடுப்படியில நல்லாத்தான சறுக்குற."

வியாழக்கிழமை கோயமுத்தூரில், பழைய மிலிட்டரி சாமான்கள் விற்கும் கடையில் கணவனும் மனைவியும் பேசிய பேச்சு. ஞாயிற்றுக்கிழமை விடியலில், தேயிலைக் காட்டின் குறுக்குப் பாதையில் மூச்சிரைக்க ஏறிக்கொண்டிருந்த வேலுத்தாய்க்கு அது வரி விடாமல் நினைவுக்கு வந்தது. கடையில் அவள் சிரித்திருந்தாள். இப்போது சிரிப்பு வரவில்லை.

கடைக்காரர் அன்று இரண்டு கோட்டுகளை எடுத்துப் போட்டார். ஒன்று ரப்பர் பூசியது, கறுப்பு, நல்ல கனம். இன்னொன்று நெருக்கமாக நெய்த காக்கித் துணியில் மெழுகு ஏற்றியது. இரண்டிலும் தலைக்குத் தொப்பி, காக்கியில் மட்டும் அக்குளுக்குக் கீழே பொத்தான் வைத்த திறப்பு. அவள் கணவன் சின்னமுத்து இரண்டு தொப்பிகளிலும் ஒரு டம்ளர் தண்ணீர் ஊற்றி வைத்துவிட்டு, டீ குடித்துத் திரும்பி வந்து பார்த்தான். ரப்பரின் அடிப்புறம் காய்ந்தே இருந்தது. காக்கியின் தையலோரம் லேசாக ஈரம் பூத்திருந்தது. அதை ஒதுக்கிவிட்டான்.

"ஏனுங்க, மேலிருந்து வர்ற தண்ணிய மட்டும் பாத்தாப் பத்தாதுங்க" என்றார் கடைக்காரர். "ரெண்டையும் கொண்டு போங்க. உங்கூர்க் குளுருல போட்டு நடந்து பாத்துட்டு, வேண்டாததை பஸ்காரர்கிட்டக் குடுத்து உட்ருங்க."

வேலுத்தாய் மூணாறுக்கு மேலே ஓர் எஸ்டேட் பள்ளிக்கூடத்தில் ஆசிரியை. கல்லூரியில் என்.சி.சி.யில் மலையேறியவள். அந்தப் பழக்கத்தில்தான் மணாலியில் பெண்களுக்கு நடக்கும் பனிச்சறுக்குப் பயிற்சிக்கு அவள் பெயரும் தேர்வாகியிருந்தது. இருபத்தைந்து வயது முடிந்தவர்களைச் சேர்க்க மாட்டார்கள். அவளுக்குச் சித்திரையில் முடிகிறது. படிவத்தில் ஓரிடம் மட்டும் காலியாக இருந்தது. தகப்பனார் அல்லது கணவரின் கையெழுத்து. நாளைத் தபாலில் படிவம் போகாவிட்டால் அந்த இடம் வேறொருத்திக்கு.

சின்னமுத்து முடியாது என்று சொல்லவில்லை. எஸ்டேட் ஜீப் ஓட்டுகிற அவன், இரண்டு வருடத்துக்கு முன் இதே தை மாதத்தில் வாட்ச்மேன் சுடலையை ஓடையிலிருந்து தூக்கி வண்டியில் போட்டுக்கொண்டு ஆஸ்பத்திரிக்குப் பறந்தவன். நனைந்த துணியோடு வழியெல்லாம் நடுங்கிக்கொண்டு வந்த மனிதர் பாதி வழியிலேயே போய்விட்டார். அன்றிலிருந்து ஈரத்துணி என்றாலே அவன் முகம் மாறிவிடும். கடைசியில் நேற்று ஒரு நிபந்தனை போட்டான்.

"விடியக்காலம் காத்தாடிப் பாறைக்கு ஏறி வா. மேல அரை மணி நேரம் காத்துல நில்லு. நடுங்காம நின்னா கையெழுத்துப் போடுறேன். நடுங்கினா இந்தப் பேச்சையே எடுக்கக் கூடாது."

சரி என்றாள். ஆனால் இன்றுவரை தனக்குப் போக வேண்டும் என்று அவள் தன் வாயால் அவனிடம் கேட்டதில்லை. தேர்வான செய்தியைத் தலைமையாசிரியர்தான் அவனிடம் சொன்னார். படிவத்தை அவன் கண்ணில் படும்படி மேசைமேல் வைத்தாள், அவ்வளவுதான். பிறந்த வீட்டிலும் அவள் படிப்புக்காக மற்றவர்கள்தான் போய்ப் பேசினார்கள். கேட்காத ஒன்றை யாரும் மறுக்க முடியாது என்று சின்ன வயதிலேயே பழகிக்கொண்டவள்.

மெல்லிய கம்பளிப் பனியன், அதன்மேல் ஃபிளானல் சட்டை, அதன்மேல் ஸ்வெட்டர், எல்லாவற்றுக்கும் வெளியே ரப்பர் கோட்டு. பயிற்சிக்காரர்கள் அனுப்பிய பட்டியலில் இருந்தபடியே போட்டு, கழுத்துவரை பொத்தானை மாட்டியிருந்தாள். செடிகளின் மேல் உறைபனி வெள்ளையாகக் கிடந்தது. காலடியில் புல் நொறுங்கியது. பாதித் தூரத்திலேயே முதுகில் வெந்நீர் ஊற்றியது போலிருந்தது. குளிருக்கு அடக்கமாகத்தான் இருக்கிறது என்று சந்தோஷப்பட்டாள்.

பாறைக்கு வந்தபோது சின்னமுத்து ஜீப்பில் வந்து காத்திருந்தான். கைக்கடிகாரத்தைப் பார்த்தான்.

"ஆறு பத்து. ஆறு நாப்பது வரைக்கும், டீச்சரம்மா."

"வினாடி முள்ளையும் பாத்துக்கங்க, டிரைவர் சார்."

காற்று பள்ளத்திலிருந்து ஏறி வந்து முகத்தில் அறைந்தது. ஐந்து நிமிடம் ஒன்றும் தெரியவில்லை. பிறகு முதுகில் ஓடிய வெந்நீர் பச்சைத் தண்ணீரானது. பனியன் தோலோடு ஒட்டிக்கொண்டது. தோள்பட்டைக்கு நடுவே ஒரு சிலிர்ப்பு புறப்பட்டது. பல்லைக் கடித்தாள். கால்களை அகட்டி ஊன்றினாள். அவன் பார்க்காத பக்கமாக முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"என்ன, பேச்சையே காணோம்?"

வாயைத் திறந்தால் பல் தந்தியடிக்கும். தலையை மட்டும் ஆட்டினாள்.

அவன் அருகில் வந்து அவள் கையைப் பிடித்தான். விரல்கள் கட்டையாக இருந்தன. அடுத்த கணம் அவள் கோட்டின் பொத்தான்களை அவனே பிய்ப்பதுபோல் கழற்றினான். உள்ளே கைவிட்டவன் அப்படியே நின்றுவிட்டான்.

"நனஞ்சிருக்கு. வேலு, உள்ளயெல்லாம் நனஞ்சிருக்கு!"

அவளை ஜீப்புக்குள் தள்ளினான். எஞ்சினை ஓடவிட்டு, தன் சட்டையைக் கழற்றிக் கொடுத்து, ஈரத்தையெல்லாம் மாற்றச் சொன்னான். வெற்றுப் பனியன்மேல் தன் பழைய ரப்பர் கோட்டை மாட்டிக்கொண்டு வெளியே நின்றபடி, புதுக் கோட்டை வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்து ஓட்டை தேடினான்.

"எங்கயும் கிழியலையே. மழையும் இல்ல. எப்படி இறங்குச்சு?"

ஃபிளாஸ்கிலிருந்த பால் விடாத கட்டன்டீயை இரண்டு கையாலும் பிடித்துக் குடித்துக்கொண்டே அவள் சொன்னாள். "எங்கேயிருந்தும் இறங்கல. அது என் வேர்வை."

"எனக்கு இந்த ரப்பர் கோட்டுல அஞ்சு வருசமா ஒரு நாளும் நனஞ்சதில்ல."

"நீங்க ஸ்டீயரிங்கப் பிடிச்சுக்கிட்டு உக்காந்திருக்கீங்க. உக்காந்திருக்கிறவருக்கு எதுக்கு வேர்க்கப்போகுது? உங்க அம்மாவப் பாருங்க. மழைக்காலத்துல மேல ரப்பர் சீட்டப் போட்டுக்கிட்டுதான் கொழுந்தெடுக்கிறாங்க. ஒரு நாளாவது கழுத்தோட இறுக்கிக் கட்டியிருக்காங்களா? ரெண்டு பக்கமும் திறந்துல்லா கெடக்கும்."

தான் வாங்கித் தந்த கோட்டு அவளை நனைத்துவிட்டதே என்று அவன் முகம் வெளுத்திருந்தது. ஆனால் சொன்னது வேறு.

"நடுங்கிட்ட. பேச்சு முடிஞ்சுது."

அவள் பின்சீட்டைப் பார்த்தாள். பஸ்காரரிடம் கொடுத்தனுப்புவதற்காகக் காகிதத்தில் சுற்றிய காக்கிக் கோட்டு அங்கே கிடந்தது. கயிற்றை அவிழ்த்தாள்.

"கோட்டுதான் நடுங்குச்சு. நான் இன்னொரு தடவ ஏறுறேன்."

"கிறுக்கு பிடிச்சிருக்கா?"

"வண்டிய அந்த வளைவு வரைக்கும் இறக்குங்க. இல்லேன்னா நானே இறங்கி நடப்பேன்."

அவள் இறங்கி நடக்கக்கூடியவள் என்பது அவனுக்குத் தெரியும். வளைவு வரை ஓட்டினான். ஆனால் இந்த முறை வண்டியில் காத்திருக்கவில்லை. கழுத்துவரை பொத்தானைப் போட்டுக்கொண்டு கூடவே நடந்தான்.

எஞ்சின் சூட்டில் காயவைத்த ஸ்வெட்டரை அவள் போடவில்லை. இடுப்பில் கட்டிக்கொண்டாள். அவன் சட்டை, அதன்மேல் காக்கிக் கோட்டு. அக்குளின் திறப்புகள் இரண்டும் திறந்தபடி. முதல் இருபதடியில் குளிர் குத்தியது.

"ஸ்வெட்டரப் போடு புள்ள, சொல்றேம்லா."

"நடக்கும்போது வேண்டாம். நிக்கும்போது போடுறேன்."

வேகத்தைக் குறைத்து, பேசக்கூடிய மூச்சு இருக்கும்படி ஏறினாள். வேர்க்கப்போகிறது என்று தோன்றியபோது கழுத்துப் பொத்தானையும் திறந்துவிட்டாள். பின்னால் அவன் மூச்சு இரைத்தது. மேலே வந்ததும் கோட்டைக் கழற்றி, ஸ்வெட்டரை மாட்டி, மறுபடி கோட்டைப் போட்டு, திறப்புகளை மூடித் தொப்பியை இழுத்துக்கொண்டாள்.

"மணி பாருங்க."

"ஏ... ஏழு பன்னெண்டு" என்றான்.

பத்து நிமிடம் போனது. பதினைந்து போனது. காற்று கோட்டின்மேல் மோதி வழுக்கிக்கொண்டு போனது. அவளுக்கு மூக்கு நுனி மட்டும்தான் வலித்தது. திரும்பிப் பார்த்தபோது கடிகாரம் கட்டிய அவன் கை உதறிக்கொண்டிருந்தது. உதடு நீலம் பாரித்திருந்தது.

"யாரு நடுங்குறது, டிரைவர் சார்?"

"சி... சிரிக்காத. உள்ள ஆறா ஓடுது."

"வாங்க, வண்டிக்குப் போவோம்."

"அரை மணி ஆகட்டும்" என்றான் பிடிவாதமாக. அவள் அவனை இழுத்துப் பாறை மறைவில் உட்காரவைத்து, காற்று வரும் பக்கம் தான் உட்கார்ந்துகொண்டாள். ஏழு நாற்பத்திரண்டு ஆனது.

அவன் அவள் சட்டைக் காலருக்குள் விரலை விட்டுப் பார்த்தான். காய்ந்திருந்தது. விரலை எடுக்காமல் வெகுநேரம் இருந்தான். பிறகு வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னான்.

"சுடலை அண்ணனும் கடைசியில நடுங்கல, வேலு. நடுக்கம் நின்னுபோச்சு, நல்லாருக்கேம்பான்னு சொன்னாரு. அதுக்கப்புறம்தான்... நடுங்கலேங்கிறத வச்சு நான் எப்படிக் கையெழுத்துப் போடுறது? அடுத்த வருசம் பாப்போம். நல்ல கோட்டாவே வாங்கிக்கிட்டு..."

அடுத்த வருடம் இல்லை என்பது அவனுக்கும் தெரியும். அவளுக்குக் கோபம் வந்தது. பந்தயத்தில் ஜெயித்தாயிற்று, பேச்சு மாறக் கூடாது என்று சண்டை போடலாம். அவன் வெட்கப்பட்டுக் கையெழுத்துப் போட்டும் விடுவான். ஆனால் அந்தக் கையெழுத்தோடு மணாலிக்குப் போய் அவளால் ஒரு நாளும் நிம்மதியாக நிற்க முடியாது. அவன் பயத்தை எந்தக் கோட்டாலும் ஜெயிக்க முடியாது என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. கேட்டால் அவன் மறுக்கலாம். இத்தனை வருடம் அவள் பயந்ததும் அதற்குத்தான்.

உதறிக்கொண்டிருந்த அவன் இரண்டு கைகளையும் எடுத்துத் தன் ஸ்வெட்டருக்குள் வைத்துக்கொண்டாள். இப்போது அவள் குரல்தான் நடுங்கியது.

"எனக்குப் போகணுங்க. காலேஜ்ல இருந்தே ஆசை. யாரும் சொல்லி இல்ல, நானே கேக்குறேன். என்னை அனுப்பி வைங்க."