போனை எடுக்காதேங்கோ

தராசில் ஏற்றிய பருப்பு மூட்டை ஆடி அடங்கும்வரை காத்திருந்துவிட்டு, பிரேமா முன்பக்கம் பார்த்துக் குரல் கொடுத்தாள். "பரிப்பு, அம்பது கிலோ எழுநூறு!" சாலைக் கடைத்தெருவின் ஆட்டோ ஹாரன், கைவண்டிச் சத்தம், ஓணத் தள்ளுபடி மைக் எல்லாவற்றையும் தாண்டி அந்தக் குரல் கடையின் முன்னால் போய்ச் சேர வேண்டும். அங்கே மின்விசிறிக்குக் கீழே, குஷன் போட்ட நாற்காலியில் உட்கார்ந்திருந்த ஆஷா அதைக் கம்ப்யூட்டரில் தட்டினாள். தட்டுவதற்கு என்ன பெரிய நேரம் ஆகிறது? அதற்குத்தான் அந்த நாற்காலி, அந்தக் காற்று, அந்தக் குஷன்.

வேல்சாமி அண்ணாச்சியின் பலசரக்கு மொத்தக்கடையில் கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பு பில் போட்டுக்கொண்டிருந்தவள் பிரேமாதான். கார்பன் தாளை வைத்து அழுத்தி எழுதி எழுதி அவள் நடுவிரலில் காய்ப்பே விழுந்திருந்தது. பிறகு கம்ப்யூட்டர் வந்தது, அதோடு கரமனை அக்கிரகாரத்திலிருந்து ஆஷாவும் வந்தாள். பிரேமா பின்னால் கோடவுனுக்குப் போனாள். அங்கே நாள் முழுக்க நிற்க வேண்டும். சம்பளமும் ஆஷாவுக்குத்தான் கூடுதல். போகட்டும், அந்தப் பெண் கொஞ்சம் திமிராகவாவது நடந்துகொள்ளக் கூடாதா? வாய் நிறைய அக்கா என்று கூப்பிடுகிறவளை எதைச் சொல்லித் திட்டுவது?

இப்போது ஆஷா பிள்ளையாண்டிருந்தாள். குஷன் அதற்காக வந்ததுதான். பிரேமா தன் இரண்டாவது மகளைச் சுமந்தபோது, வலி எடுத்த அன்று மத்தியானம் வரை மர ஸ்டூலில் உட்கார்ந்து பில் எழுதினாள். அப்போது அண்ணாச்சிக்குக் குஷன் விற்கிற கடை எங்கே இருக்கிறது என்று தெரிந்திருக்கவில்லை போலிருக்கிறது.

ஒரு நாள் ஆஷா அண்ணாச்சியிடம் லீவு கேட்டது கோடவுன் வரை கேட்டது.

"ஓணம் முடிஞ்சா எனக்கு லீவு வேணும் அண்ணாச்சி. ரெஸ்ட் எடுத்தே ஆகணும்னு டாக்டர் சொல்றா. கொழந்தை பொறந்ததும் வந்துடறேன்."

"நீ பாட்டுக்குப் போயிருவ. இந்தப் பெட்டி மக்கர் பண்ணுனா யாரு பாப்பா? மெக்கானிக்கு தூக்கிட்டுப் போனாம்னா ஒரு வாரம் கழிச்சுல்லா கொண்டாருவான்."

பெட்டி மக்கர் பண்ணுவது உண்மைதான். சில காலைகளில் திரை நீலமாகி அப்படியே நின்றுவிடும். அணைத்து அணைத்துப் போட வேண்டும்.

"அதுக்கு ஒரு பென் டிரைவ் தயார் பண்ணி வெச்சுடறேன். பெட்டி எழுந்துக்காத அன்னிக்கு அதைச் சொருகிட்டு ஆன் பண்ணினா, அதுலேர்ந்து எழுந்துக்கும். கோளாறையும் அதுவே சரி பண்ணிடும். பிரேமாக்காவுக்குச் சொல்லிக் கொடுத்துட்டுப் போறேன்."

"அப்பம் அதச் செஞ்சு வச்சிட்டு லீவு எடுத்துக்க."

லீவாம். உட்கார்ந்து பார்க்கிற வேலைக்கு லீவு வேறு. பிரேமாவுக்கு வயிறு எரிந்தது.

அந்த பென் டிரைவில் போட வேண்டியதை இன்டர்நெட்டிலிருந்து இறக்க வேண்டியிருந்தது. கடைக்கு நெட் வருவது போன் வயர் வழியாக. நெட் ஓடும்போது வெளியிலிருந்து யார் கூப்பிட்டாலும் எங்கேஜ்டு சத்தம்தான் கேட்கும். கடைக்குள் யாராவது ரிசீவரை எடுத்தால் நெட் அறுந்துபோகும். மறுபடி முதலிலிருந்து இறக்க வேண்டும். ரிசீவர் மேசையில் ஒன்று, கோடவுனில் ஒன்று. அதனால் அண்ணாச்சி சாப்பிட வீட்டுக்குப் போகும் மத்தியான நேரத்தை ஆஷா தேர்ந்தெடுத்தாள்.

"அக்கா, கோடவுன் போனை மட்டும் எடுக்காதேங்கோ. எடுத்தா அறுந்துடும்."

சொல்லாமல் இருந்திருந்தால் பிரேமாவுக்கு அது தெரிந்தே இருக்காது. ஆஷா பாதி தூரம் இறக்கியிருப்பாள் என்று தோன்றியபோது, ரிசீவரை எடுத்துக் காதில் வைத்தாள். தகரத்தைச் சிமென்டுத் தரையில் இழுப்பதுபோல உள்ளே கிரீச்சென்று ஒரு சத்தம். முன்னாலிருந்து "அய்யோ!" என்ற குரல் வந்தது. பிரேமா ரிசீவரை மெதுவாக வைத்தாள்.

"யாராவது எடுத்தாளா அக்கா?"

"நான் எதுக்கு எடுக்கேன்? லைன் கோளாறா இருக்கும், கேட்டியா."

மறுநாளும் எடுத்தாள். இரண்டு நாளும் மனதுக்குள் குளுகுளுவென்றுதான் இருந்தது. அதற்கு அடுத்த நாள் ஆஷா இடுப்பைப் பிடித்துக்கொண்டு கோடவுனுக்கே வந்து, சீனி மூட்டைமேல் உட்கார்ந்தாள். முகம் வெளிறியிருந்தது.

"லோடுக்காரா யாரோ எடுத்துடறா போலருக்கு. நீங்களே இங்க உக்காந்து பாத்துக்கறேளா? இது மட்டும் முடிஞ்சுடுத்துன்னா, நான் இல்லாதப்போ நீங்கதானே அந்த நாற்காலில உக்காரணும்."

கடைசியாகச் சொன்னது பிரேமாவின் காதிலேயே நின்றது. அன்று மத்தியானம் முழுக்க ரிசீவர்மேல் கையை வைத்தபடி காவல் இருந்தாள். ஊருக்கு போன் போட வந்த லோடுக்காரர் பேச்சியைக்கூட விரட்டிவிட்டாள். ஆஷாவுக்காக இல்லை. நாற்காலிக்காக.

பென் டிரைவ் ஆஷாவின் கணவன் சாய் வைத்திருந்தது. அதை இந்த வேலைக்கு மாற்றினால் உள்ளே இருப்பதெல்லாம் அழிந்துபோகும் என்று கம்ப்யூட்டர் எச்சரித்தது. "எங்க கல்யாண போட்டோ இருந்தது. ஆத்துல காப்பி பண்ணி வெச்சுட்டேன்" என்று ஆஷா சிரித்துக்கொண்டே சரி கொடுத்தாள். முடிந்ததும், சொருகி, ஆன் செய்து, உடனே எஃப் பன்னிரண்டை அழுத்தி, பென் டிரைவைத் தேர்ந்தெடுக்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லிக் கொடுத்தாள். மறக்காமலிருக்க ஒரு துண்டு ஸ்டிக்கரில் 'F12' என்று எழுதி அதன்மேல் ஒட்டினாள்.

திருவோணத்துக்கு முந்தின நாள், உத்ராடப் பாய்ச்சல், ஓணச் சாமான் வாங்குகிற கடைசி ஓட்டம். ஊரே சாலைக் கடைத்தெருவில்தான் நின்றது. காலையில் கம்ப்யூட்டரைப் போட்டதும் திரை நீலமானது. அணைத்துப் போட்டாலும் நீலம். அண்ணாச்சிக்கு வியர்த்தது.

ஆஷா எழுந்து நாற்காலியை நகர்த்திக் கொடுத்தாள். "நீங்க பண்ணுங்கோ அக்கா. அண்ணாச்சி பாக்கட்டும்."

பிரேமா உட்கார்ந்தாள். குஷன் மெத்தென்று இருந்தது. சொருகினாள், எஃப் பன்னிரண்டை அழுத்தினாள், ஆஷா காட்டிய வரிசையில் எண்டரைத் தட்டினாள். கருந்திரையில் வெள்ளை எழுத்துகள் ஓடின. கொஞ்ச நேரத்தில் கம்ப்யூட்டர் பழையபடி எழுந்துகொண்டது.

அண்ணாச்சி பிரேமாவைப் பார்த்தார். பிறகு ஆஷாவைப் பார்த்தார்.

"இம்புட்டுத்தானா?"

"இவ்ளோதான் அண்ணாச்சி!" என்றாள் ஆஷா, பெருமையாக.

ஓணம் கழிந்து ஆஷா லீவில் போனாள். அவள் தலை மறைந்த பிறகு அண்ணாச்சி சொன்னார்: "பிள்ளையப் பெத்து நல்லா வளக்கட்டும். இனி இங்க எதுக்கு ரெண்டு பேரு?" மறுநாளே தராசை இழுத்து மேசைக்குப் பக்கத்தில் போடச் சொன்னார். பிரேமாவுக்கு நாற்காலி கிடைத்தது. சம்பளம் மட்டும் பழையதுதான். கேட்டபோது, "நின்னுக்கிட்டா வேலை பாக்க? உக்காந்துல்லா பாக்க" என்றார்.

உட்கார எங்கே நேரம்? எழுந்து போய் எடையைப் பார்க்க வேண்டும், திரும்பி வந்து தட்ட வேண்டும். குஷன் புதிதாகவே இருந்தது. பென் டிரைவுக்கு ஆயுத பூஜையன்று அண்ணாச்சியே சந்தனம் வைத்து, சாமி படத்துக்குக் கீழே ஆணியில் மாட்டினார். ஸ்டிக்கரில் இருந்த எழுத்து சந்தனத்துக்கு அடியில் போய்விட்டது.

கார்த்திகை மாதத்தில் ஒரு மத்தியானம் போன் வந்தது. "பொண் கொழந்தை அக்கா! நான் எப்போ வரலாம்னு அண்ணாச்சிட்ட கேக்கறேளா?"

"கேக்கேன்" என்றாள் பிரேமா. கேட்கவில்லை. கேட்டு, அவர் வரச் சொல்லிவிட்டால்? தராசு மறுபடி பின்னால் போகும், அவளும் போவாள். ஆஷா மறுநாளும் கூப்பிட்டாள், அதற்கடுத்த நாளும். அண்ணாச்சி இல்லாத நேரம் அவளுக்குத் தெரியுமே. மூன்றாம் முறை குரல் கம்மியிருந்தது. "சாய்க்கும் வேலை சரியில்லை அக்கா. ஒரு வார்த்தை சொல்லுங்கோளேன்."

அடுத்த நாள் அண்ணாச்சி சாப்பிடக் கிளம்பியதும், பிரேமா நெட்டைப் போட்டாள். தகரம் இழுபடுகிற சத்தம் கேட்டு அடங்கியது. இனி யார் கூப்பிட்டாலும் எங்கேஜ்டுதான். அவள் எதையும் இறக்கவில்லை. டிபன் பாக்ஸைத் திறந்து வைத்துக்கொண்டு, ஒன்றும் ஓடாத திரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள்.

பேச்சி ரிசீவரை நோக்கிக் கையை நீட்டினார். "யக்கா, ஊருக்கு ஒரு போன் பேசிக்கிடட்டா?"

"போனை எடுக்காதீரும்" என்றாள் பிரேமா. "நெட்டு ஓடுது."